பறவை நூலோர்க்குப் பரிசும் அனுமோதனையும்

பறவைகளை ஆராய்வதில் சிறந்து விளங்கியோரைத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் பதக்கமும் பரிசும் அளிக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. நம் பாரத நாட்டில் இத்தகைய பாராட்டுகளை மிகுதியாகப் பெற்றவர் டாக்டர் சாலிம் அலி ஆவார். 1896 ஆம் ஆண்டு மும்பையில் பிறந்து 1987 இல் மறைந்த அப்பெரியாருக்கு வங்காள ஆசியக் கழகம் 1953 இல் ஜய கோவிந்த லா தங்கப் பதக்கம் வழங்கியது. 1958 இல் பத்மபூஷண், 1967 இல் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்தின் தங்கப் பதக்கம், 1976 இல் பத்மவிபூஷண் என்று சிறப்புகள் தொடர்ந்து அவரை நாடி வந்தன. கோவைக்கு அணித்தாக உள்ள ஆனைகட்டியில் 1990 இல் தொடங்கப்பெற்ற பறவையியல் ஆய்வு நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பள்ளிப் பாடநூல்களில் அவர் பறவைகளின் தோழர் என்று போற்றப்படுகிறார்.

அவரே 1985 இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில் ஒரு செய்தியை ஒளிவு மறைவின்றி எழுதியுள்ளார். தம் இளமைக் காலத்தில் ஆராய்ச்சிக்காக முறையாகச் சேகரித்த பறவைகள் பல்லாயிரம் என்பதே அச்செய்தி. நோக்கமின்றிக் கொல்லுதலைத் தாம் வெறுப்பதாகவும், எனினும் அச்சேகரிப்பு நிகழ்ந்திராவிடில் இந்தியப் பறவைகளின் இனப்பகுப்பு இந்த அளவுக்கு முன்னேறியிராது என்றும் அவர் கூறுகிறார். எண்ணிக்கையைச் சொல்லுமிடத்தில் ஒரு பெருமூச்சும் அவர் எழுத்தில் கேட்கிறது. சேகரித்தல் என்னும் சொல் மென்மையானது. அதன் பொருள் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துதல் என்பதை வாசக அன்பர்கள் மறத்தலாகாது.

கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட நாம், கொன்று கற்ற கல்விக்குப் பரிசளிக்கலாமா? அளித்தால் அக்கொலையில் நமக்கும் பங்கு உண்டா? இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. நமக்கு நன்கு அறிமுகமான ஒரு சிராவகக் குடும்பத்தார், மறைந்த தம் பாட்டனார் நினைவாகப் பறவைகளைப் பற்றி நன்கு கற்றறியும் மாணவ மாணவியர்க்கு ஆண்டுக்கொரு பரிசு ஏற்படுத்த விரும்பினர். பாட்டனார் நாள்தோறும் விடியலில் முற்றத்தில் தானியம் இறைத்துப் பறவைகளுக்கு இட்டபின் அன்றித் தாம் உண்ணாதவர். பரிசுக்குச் சாலிம் அலி பெயரையும் சேர்த்து வைக்கலாம் என்று இளையவர் ஒருவர் கூற, அக்குடும்பத்து மூத்த அம்மையார், பல்லாயிரம் உயிரைச் சுட்டவர் பெயரை நம் இல்லத்துப் பரிசுக்கு இடுவதா என்று தடுத்தார். இளையவர், அப்படியானால் பறவை நூலே வேண்டாம் என்கிறீர்களா என்றார். வாக்குவாதம் வளர்ந்து, இரு தரப்பாரும் தனித்தனியே நமக்குக் கடிதம் எழுதினர். அவர்களுக்கு எழுதிய மறுமொழியை விரித்தே இக்கட்டுரையை வரைகிறோம். இதுபோன்ற வினா பிற குடும்பங்களிலும் எழக்கூடும்.

முதலில் மூத்த அம்மையாரின் பக்கத்தை நோக்குவோம். அவர் அச்சம் வெற்றுணர்ச்சியன்று; அதற்கு ஆகமத்தின் அடிப்படை உண்டு. தீவினை மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும் விளைவது. அவை ஒவ்வொன்றும் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மும்மூன்றாக விரியும். மூன்றாவதாகிய உடன்படுதலையே அனுமோதனை என்பர். பரிசளித்தல் என்பது பலரறிய உடன்படுதல்தானே? நீலகேசியில் பௌத்தரோடு நிகழும் வாதங்களில் ஊனுண்ணல் பற்றிய பகுதியை நம் இல்லங்களில் பலரும் கேட்டிருப்பர். தாம் கொல்லாத ஊனை உண்பதில் குற்றமில்லை என்பாரை மறுத்து, உண்பவன் இருப்பதால்தான் கொல்பவன் இருக்கிறான் என்னும் கருத்தை நீலகேசி நிலைநாட்டுகிறாள். அந்த நியாயத்தைப் பரிசுக்கும் பொருத்தினால், போற்றுவோர் இருப்பதால்தான் சுடுவோர் இருக்கின்றனர் என்று ஆகும்.

யசோதர காவியமும் நினைவுக்கு வருகிறது. அங்கே கொல்லப்பட்டது உயிருள்ள கோழியுமன்று. மாவினால் செய்த கோழி. தாயின் சொல்லுக்கு இணங்கிய மன்னன் அதை வாளால் வெட்டிய எண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் பிறவாகவும் பிறந்து உழன்றனர். மாக்கோழிக்கே அத்தனை துன்பம் என்றால், உயிருள்ள பறவைக்கு என்ன சொல்வது என்று மூத்த அம்மையார் எழுதியிருந்தார். இதற்கு எளிதில் விடை கூறி அமைய முடியாது.

இனி அக்காலத்துப் பறவை நூலோர் ஏன் கொன்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். அறியாமல் பழித்தல் நடுவுநிலைமை ஆகாது. ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் சிறு பறவைகளை மரக்கிளையில் கண்டு இன்ன இனம் என்று துணிவது அரிது. சிறகின் நீளம், அலகின் வடிவு, இறகின் நிறவேறுபாடு ஆகியவற்றைக் கையில் வைத்து அளந்தே இனம் பிரித்தனர். சிறு ரவையால் சுட்டு, தோலை உரித்து, உட்புறம் நஞ்சு கலந்த சோப்பைத் தடவிப் பூச்சி அரிக்காமல் காத்து, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி, அதில் இடம், நாள், ஆண் பெண் வேறுபாடு ஆகியவற்றைக் குறித்துப் பெட்டியில் அடுக்குவர். இந்தியத் தேசியக் காங்கிரசு தோன்றக் காரணராய் இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இத்துறையில் பெரிய சேகரிப்பாளர். தோலும் முட்டையுமாக ஏறத்தாழ 80,000 பொருள்களை அவர் 1885 இல் லண்டன் அருங்காட்சியகத்திற்கு ஈந்தார். அவர் பல ஆண்டுகள் எழுதிக் குவித்த கையெழுத்துப் படிகளைப் பணியாள் ஒருவன் பழைய தாளாகக் கடைவீதியில் விற்றுவிட்டான். பின்னாளில் ஹியூம் புலால் உணவை நீக்கி, பறவைகளைச் சுடுவதையும் விட்டார் என்பது நமக்கு மிக ஆறுதல் தரும் செய்தி. எண்பதினாயிரத்திற்குப் பின் வந்த விரதமாயினும் விரதம் விரதமே.

செம்பட்டியிலிருந்து மேற்கே நோக்கினால் பழனிமலைத் தொடர் நீலமாய்த் தெரியும். அம்மலையின் உச்சிச் சோலைகளில் வாழும் சிரிப்பான் இனப் பறவை ஒன்று உண்டு. அதன் அறிவியற் பெயரில் பேர்பாங்க் என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் பெயர் பொதிந்துள்ளது. பழனிமலையில் பறவைகளைச் சேகரித்தவர் அவர். 1869 இல் அப்பறவைக்கு அப்பெயரிட்டனர். பெயரிடுதலும் ஒருவகைப் பரிசே அன்றோ? சுட்டவர் பெயரைச் சுடப்பட்டதன் வாரிசுகள் இன்றும் சுமந்து பறக்கின்றன. 2023 இல் அமெரிக்கப் பறவையியல் சங்கத்தார், மனிதர் பெயர் தாங்கிய பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை மாற்றத் துணிந்ததாக அறிவித்தனர். காரணம் கொல்லாமையன்று, வேறு. ஆயினும் ஒருவர் பெயரைச் சூட்டுதல் அவர் வாழ்வு முழுவதையும் போற்றுதலாகும் என்னும் உணர்வு அவர்களுக்கும் வந்துள்ளதைக் காண்கிறோம்.

இளையவரின் பக்கத்திற்கு வருவோம். கொன்று பெற்ற அறிவு பின்னர்ப் பல உயிர்களைக் காத்தது என்று அவர் எழுதினார். அது உண்மையே. முற்காலத்தார் கூடுகளிலிருந்து எடுத்து அருங்காட்சியகங்களில் வைத்த வல்லூறு முட்டைகளின் ஓட்டைப் பிற்காலத்து முட்டைகளோடு ஒப்பிட்டதால்தான், டி.டி.டி. மருந்து புழக்கத்திற்கு வந்தபின் ஓடு மெலிந்தது என்பதை இங்கிலாந்தின் ராட்கிளிஃப் 1967 இல் எடுத்துக்காட்ட முடிந்தது. 1972 இல் அமெரிக்கா அம்மருந்தின் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்தது. திருடிய முட்டை திருடப்படாத முட்டையைக் காத்தது என்று இளையவர் நயம்படக் கூறுகிறார்.

இதனினும் கடினமான சான்று நம் நாட்டிலேயே உண்டு. அது பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகைப் பற்றியது. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி ஆசாரியர்க்குக் கிருத்திரபிஞ்சர் என்றொரு பெயர் உண்டு. கழுகின் இறகால் ஆன பிஞ்சியை ஏந்தியவர் என்பது அதன் பொருளாகச் சொல்லப்படுகிறது. ஆகவே இப்பறவை நமக்கு அயலன்று. நம் இளமையில் ஊர்ப்புறத்தே இறந்த மாட்டைச் சூழ்ந்து அவை கூட்டமாய் அமர்ந்திருந்ததைக் கண்டதுண்டு. 1990களில் அவை நாடெங்கும் மாயமாய் மறைந்தன. வெண்முதுகுப் பாறு இனத்தில் 100 க்கு 99 க்கு மேல் அழிந்தன. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. மாடுகளின் வலி நீங்கத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, அம்மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பதை 2004 இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். 2006 இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. இன்று தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளில் சிறு தொகையாக அவை எஞ்சியுள்ளன.

இதில் நம் நெஞ்சை உறுத்தும் பகுதி ஒன்று உள்ளது. இறந்து கிடந்த பாறுகளை அறுத்துப் பார்த்ததோடு அவ்வாய்வாளர் நிற்கவில்லை. மருந்துதான் காரணம் என்பதை ஐயமற நாட்டுவதற்காக, பிடித்து வைத்திருந்த சில பாறுகளுக்கு அம்மருந்தையும், மருந்து ஏறிய ஊனையும் கொடுத்தனர். அவற்றுள் பல இறந்தன. சில உயிர் அழிந்து ஓர் இனம் பிழைத்தது. இதற்கு நாம் என்ன சொல்வது? நன்று என்பதா, தீது என்பதா?

நம் ஆசாரியர் வகுத்த ஒரு பகுப்பு இங்கே துணை செய்கிறது. இல்லறத்தார்க்கு நேரும் இம்சை நான்கு வகை. கொல்லவேண்டும் என்று கருதியே கொல்லுதல் சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லத் தொழில்களில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் போன்ற பிழைப்பில் நேர்வது உத்யோகி. தன்னையும் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி. பின்னைய மூன்றை இயன்ற அளவு குறைத்தல் வேண்டும்; முதலாவதை இல்லறத்தாரும் முற்றும் நீக்க வேண்டும். ஆராய்ச்சிக்காகச் சுடுதல் எந்த வகை? ஆய்வாளரின் தொழில் அது, ஆகவே உத்யோகி என்று இளையவர் வாதிக்கிறார். நமக்கு அது உடன்பாடன்று. உழவன் மண்ணைக் குறித்தே கலப்பையை ஓட்டுகிறான். புழு தற்செயலாய் மடிகிறது. சேகரிப்பாளரோ பறவையையே குறி வைக்கிறார். பறவை இறவாவிடில் அவர் வேலை முடியாது. ஐம்பொறியும் மனமும் உடைய உயிரைக் குறித்தே எய்தல் சங்கல்பியே ஆகும். பகையில்லை, சுவை வேட்கையில்லை என்பதால் அதன் கடுமை குறையலாம், வகை மாறாது. பாறுகளுக்கு நஞ்சூட்டியதும் அவ்வாறே. விளைந்த நன்மை நன்மையே. செய்த வினையும் வினையே. நம் சமய நெறியில் புண்ணியமும் பாவமும் ஒன்றோடொன்று கழிக்கப்படும் கடைக்கணக்கு அன்று. இரண்டும் தனித்தனியே பயன் தரும்.

இவ்வளவு கூறியபின், சாலிம் அலியைப் பழிக்கவேண்டும் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அது தவறு. அவர் நம் விரதம் பூண்டவர் அல்லர். பூணாத விரதத்தை முறித்தார் என்று கூறுதல் பொருந்தாது. மேலும், பல்லாயிரம் என்று தம் வாயாலேயே கூறிய வாய்மை பாராட்டத்தக்கது. நம்மில் எத்தனை பேர் பட்டுச் சேலை உடுத்தி ஜினாலயம் செல்கின்றனர்! ஒரு சேலைக்கு எத்தனை பட்டுப்புழுக்களைக் கொதிநீரில் இடுவர் என்பதை எந்தத் திருமண வீட்டிலாவது பேசக் கேட்டதுண்டா? சின்னாளப்பட்டியில் அழகான சுங்குடிச் சேலைகள் கிடைக்கின்றன. அதற்கு மேல் இதைப்பற்றிக் கூறின் வாசகியர் நம்மோடு பிணங்குவர்.

ஆகவே வினா அவருடைய வினையைப் பற்றியதன்று. நம் அனுமோதனையைப் பற்றியது. ஒருவரை மதித்தல் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் உடன்படுதல் ஆகுமா? ஆகாது என்பதே நம் துணிபு. அநேகாந்தம் என்னும் நம் தத்துவம் இதற்கன்றி வேறெதற்கு? ஒரு நயத்தால் ஒருவர் போற்றத்தக்கவர்; மற்றொரு நயத்தால் அல்லர். எந்த நயத்தால் என்பதைச் சொல்லாமல் பொதுப்படப் போற்றும்போதுதான் அனுமோதனைக் குற்றம் நம்மேல் ஏறுகிறது. பரிசுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதைப் பெறுபவர் செய்து முடித்தவர். பார்த்திருப்பவரோ இனிச் செய்யப்போகும் இளையோர். மேடையில் பதக்கம் அணிவிக்கும்போது, நீங்களும் இவ்வாறே செய்க என்று அரங்கில் இருக்கும் சிறுவர்க்குச் சொல்கிறோம். பழைய செயலுக்கு நாம் உடன்பட்டோமா என்பதைக் காட்டிலும், புதிய செயலுக்கு நாம் ஏவுகிறோமா என்பதே பெரிய வினா. செய்வித்தல் அனுமோதனையினும் கடியது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் இயற்கைப் பாடம் என்றொரு பகுதி நமக்கு இருந்தது. வண்ணத்துப்பூச்சியைக் குண்டூசியால் குத்தி அட்டையில் பதித்தும், கூட்டையும் முட்டையையும் பெட்டியில் வைத்தும் சேகரிப்பு ஏடு ஒப்படைத்தோர்க்கு மதிப்பெண் கூடும். கூட்டைக் கலைக்காமல் பார்த்ததை மட்டும் எழுதியோர்க்கு மதிப்பெண் குறையும். பரிசு எதற்கு என்று அறிவித்து விட்டால் பிள்ளைகளின் கை அதை நோக்கியே நீளும் என்பதைப் பின்னர்ப் பல ஆண்டுகள் வகுப்பறையில் கண்டோம். இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. விலங்கியல் வகுப்புகளில் உயிர்களை அறுத்துப் பார்ப்பதைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014 இல் பணித்தது. நம் சமயத்தார் எவரும் போராடிப் பெற்றதன்று அது, போராடியிருக்கலாம்.

பரிசின் திசையை மாற்ற இயலும் என்பதற்கு அமெரிக்காவின் புரூஸ்டர் பதக்கமே சான்று. வில்லியம் புரூஸ்டர் பெரும் பறவைத் தோல் சேகரிப்பாளர். 1919 இல் அவர் மறைந்தபின் அவர் பெயரால் ஏற்பட்ட அப்பதக்கம் 1921 இல் முதன்முதலாக அருங்காட்சியக அறிஞர் ரிட்ஜ்வே என்பாருக்குக் கிடைத்தது. பத்து ஆண்டு கழித்து, 1931 இல், அதைப் பெற்ற முதல் பெண்மணி புளோரன்ஸ் மெரியம் பெய்லி. தொப்பியில் செருகும் இறகுக்காகப் பறவைகளைக் கொல்லும் கொடுமையைக் கல்லூரிப் பருவத்திலேயே எதிர்த்தவர் அவர். நாடக அரங்கில் பயன்படும் சிறு கண்ணாடியைக் கொண்டே பறவைகளைக் காணலாம் என்று 1889 இல் நூல் எழுதினார். 1942 இல் அதே பதக்கம் மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்னும் இல்லத்தரசிக்குக் கிடைத்தது. டாக்டர் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ அவருக்கு இல்லை, கணவர் பேராசிரியர், ஐந்து பெண் குழந்தைகளைப் பெற்றவர். ஓகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வீட்டை அடுத்த புதர்க்காட்டில் வாழ்ந்த பாட்டுக் குருவிகளின் காலில் வண்ண வளையம் இட்டு விட்டுவிடுவார். பின்னர் இன்ன குருவி இன்ன இடத்தில் பாடியது, இன்ன துணையைக் கொண்டது, இத்தனை குஞ்சு வளர்த்தது என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். செத்த தோலிடம் எத்தனை நாள் கேட்டாலும் இவற்றுள் ஒன்றையும் அது சொல்லாது. சேகரிப்பாளர் பெயரால் ஏற்பட்ட பதக்கம் சேகரியாத பெண்ணின் கைக்கு வந்ததை எண்ணி மகிழ்கிறோம். வீட்டு வேலைக்கு இடையே இத்தனையும் செய்தார் என்பதை நம் சிராவகியர் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் இத்தகைய செயல் உண்டு. 2006 இல் அருணாசலப் பிரதேசத்துக் கழுகுக்கூட்டு வனப்பகுதியில் புகுன் பழங்குடியின் பெயர் பெற்ற புதிய பறவையினம் ஒன்றை ரமணா ஆத்ரேயா உலகிற்கு அறிவித்தார். அவர் தொழிலால் வானியலாளர். புதிய இனம் என்றால் ஒன்றைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பதே பழைய மரபு. காணப்பட்டவை மிகச் சிலவே ஆதலால் ஒன்றையும் கொல்ல அவர் ஒருப்படவில்லை. வலையில் அகப்பட்ட பறவையை அளந்து, படம் எடுத்து, விட்டுவிட்டார். தாமே உதிர்ந்த இறகுகள் சான்றாக அமைந்தன. இச்செய்தியைப் படித்தபோது நம் முனிவர்கள் ஏந்தும் மயிற்பிஞ்சி நினைவுக்கு வந்தது. மயில் தானே உதிர்த்த பீலியால்தான் அது கட்டப்பெறும். பறித்த பீலி ஆகாது. நூறாயிரம் பறவை இறந்து கற்ற பாடத்தை உதிர்ந்த இறகும் கற்பிக்கும் என்றால், அவ்வழி செல்வோர்க்குப் பரிசு தருவதில் யாருக்கு என்ன தடை?

சாலிம் அலியின் வாழ்விலேயே இவ்வழி உண்டு என்பதை மூத்த அம்மையார் அறிந்திரார். அவர்க்கு முதற்புகழ் தேடித் தந்த ஆராய்ச்சி துப்பாக்கியால் விளைந்ததன்று. 1930 ஆம் ஆண்டு மும்பைக்குத் தெற்கே கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் மறைந்திருந்து தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கண்காணித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் வந்து உள்நுழைந்து பார்த்து, பிடித்திருந்தால் ஏற்கும். ஏற்ற பின்னரே ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பிறகு வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு துணையைத் தேடும். அதுவரை எவரும் சரிவர அறியாத இவ்வொழுகலாற்றை வெளிப்படுத்தியவர் அவரே. கிணற்றோரப் பனை ஓலையில் ஆடும் கூட்டைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த நமக்கு, அந்த ஆண் குருவியின் இல்லறம் சற்றே ஏமாற்றம் தந்தது என்பது வேறு செய்தி.

அறிந்தோரை மட்டுமே போற்றவேண்டுமா என்பதும் சிந்திக்கத்தக்கது. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியில் ஞானம் ஒன்றே. நம் பகுதியிலிருந்து நத்தம் வழியே சென்றால் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியை அடையலாம். அங்குள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977 இல் அறிவிக்கப்பெற்றது. கண்மாயில் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் அஞ்சிப் பறந்துவிடும் என்பதற்காக அவ்வூரார் தலைமுறைகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதைப் பாராட்டி வனத்துறையினர் ஆண்டுதோறும் அவ்வூர் மக்களுக்கு இனிப்பு வழங்கி வருகின்றனர். தீபாவளி பகவான் மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள். அந்நாளில் ஒரு சிற்றூர் முழுவதும் பறவைக்காக ஓசையடக்கி இருப்பதை அவ்வூரார் சமண விரதம் என்று அறியமாட்டார். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலிலும், பறவைகளைச் சுடவந்த வெள்ளையர்மீது ஊரார் 1790களிலேயே ஆட்சியரிடம் முறையிட்டுக் காப்பு ஆணை பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு எரு என்னும் பயன்கருதிய எண்ணமும் அதில் உண்டு. பயன் கருதிய அகிம்சையைத் தாழ்வாகப் பேசுவோர், திண்டுக்கல் சமவெளியில் மயில் மேய்ந்த நிலக்கடலைத் தோட்டத்துக்கு உரியவரிடம் சென்று பயன் கருதாத அகிம்சையைப் பேசிப் பார்க்கட்டும்.

இனி அக்குடும்பத்தார்க்கு நாம் எழுதிய முடிவு. பரிசை ஏற்படுத்துங்கள், தடை ஏதுமில்லை. பறவை நூல் வேண்டாம் என்பது அறியாமையை விரதமாக்குவதாகும். எவ்வுயிர் எங்கே வாழ்கிறது, எப்போது கூடு கட்டுகிறது, எதனால் மடிகிறது என்பதை அறியாதவனால் அதற்குத் துன்பம் செய்யாமல் வாழ இயலாது. பரிசு விதியில், பறவையைக் கொல்லாமல், முட்டையை எடுக்காமல், கூட்டைக் கலைக்காமல் கற்ற கல்விக்கே இப்பரிசு என்று தெளிவாக எழுதுங்கள். இக்காலத்தில் துப்பாக்கியை விடப் புகைப்படக் கருவியால் வரும் தொல்லை மிகுதி. நல்ல படம் வேண்டும் என்று கூட்டை மறைத்த கிளையை ஒடிப்பதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஏமாற்றி அழைப்பதும் நடக்கின்றன. கூட்டருகே எடுத்த படம் எதுவாயினும் ஏற்பதில்லை என்று விதியில் சேர்த்தல் நலம். வளையமிடுதல் பற்றி மூத்த அம்மையார் ஐயுற்றார். வலையில் பிடித்து வளையமிட்டு விடுவதில் இறப்பு நேர்வது அரிது எனினும் உண்டு. ஆயினும் நோக்கம் விடுவித்தலே. பயிற்சியும் கவனமும் உடையோர் உரிய அனுமதி பெற்றுச் செய்தால் அது சங்கல்பி ஆகாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். கண்ணும் ஏடும் போதும். பொங்கலை ஒட்டி 2015 முதல் தமிழகத்தில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகள் ஊர்தோறும் பங்கு பெறலாம். அதற்கு ஒரு செலவும் இல்லை.

பெயரைப் பொறுத்தவரை மூத்த அம்மையார் சொல்லே நமக்கு ஏற்புடையது. பாட்டனார் பெயர் ஒன்றே அமையட்டும். பெயர் வைத்தால் வாழ்வு முழுவதையும் ஏற்றதாக ஆகும் என்று முன்பே கூறினோம். ஆனால் சாலிம் அலியின் தூக்கணாங்குருவி ஆராய்ச்சியைத் தமிழில் எளிமையாக எழுதி, போட்டியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதற்பாடமாகக் கொடுக்கவேண்டும் என்று இளையவர்க்கு எழுதினோம். அவர் பணியில் எந்த நயம் நமக்கு உரியதோ அந்த நயத்தால் அவரை மதித்ததாகும். தங்கப் பதக்கம் வேண்டா. அது பெட்டியில் உறங்கும். ஒரு நல்ல தொலைநோக்கிக் கண்ணாடி கொடுத்தால் அடுத்த நாளே பயன்படும். பெற்ற பிள்ளை, தான் ஓராண்டு கண்டதைத் தமிழில் எழுதி இவ்விதழுக்கு அனுப்புதல் வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆத்தூர்க் காமராசர் சாகர் அணையின் கரையில் நீர்க்காகங்களும் கொக்குகளும் காலையில் எளிதில் காணக்கூடியவை. மழைக்காலத்தை ஒட்டித் தோட்டத்துப் பனைகளில் தூக்கணாங்குருவிகள் கட்டத் தொடங்கும். முதலாண்டுப் பிள்ளைகள் அங்கிருந்தே எண்ணத் தொடங்கலாம். பாதியில் நின்ற கூடு எத்தனை, முடிந்த கூடு எத்தனை என்று வாரந்தோறும் எழுதிவந்தால் போதும்.